பழைய வீட்டு பியூஸ் போர்ட்: மாத்தணுமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் பழைய வீடு. மரப்பலகையில மூணு பீங்கான் பியூஸ், ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிஞ்சா தானா அணையுற சுவிட்ச்) கிடையாது. ஹீட்டர் போட்டா ஒரு பியூஸ் சுடுது, கருகின வாடையும் வருது. கம்பியை மட்டும் மாத்தினா போதுமா?

பதில் 1: போதாதுங்க. அந்தச் சூடு பெரும்பாலும் பிடி தளர்ந்ததால வரும். மெயினை அணைச்சிட்டு பியூஸைக் கழற்றுங்க. பித்தளை நாக்கு கறுத்திருந்தா அது முடிஞ்ச கதை. உள்ளே இருக்கிற கம்பியையும் பாருங்க. 5 ஆம்பியர் பியூஸுக்கு 0.2 மி.மீ. தடிப்பு, 15 ஆம்பியருக்கு 0.5 மி.மீ. யாராவது பியூஸ் கம்பிக்குப் பதிலா சாதா வயர் இழையைச் சுத்தியிருந்தா பியூஸ் போகாது, சுவருக்குள்ள வயர்தான் உருகும். இதைச் சரி பண்ணுற வரைக்கும் ஹீட்டர் வேண்டாம்.

பதில் 2: புது போர்டுக்கு 40 ஆம்பியர், 30 மில்லியாம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒண்ணு. லைட்டுக்கு 6 ஆம்பியர் பிரேக்கர் (பியூஸுக்குப் பதிலா வர்ற சுவிட்ச்); பிளக்குக்குப் போற 2.5 சதுர மி.மீ. வயருக்கு 16 ஆம்பியர் பிரேக்கர். மெயினை அணைச்சாலும் மீட்டர்ல இருந்து வர்ற வயர்ல கரண்ட் இருக்கும். மீட்டர் முத்திரையைத் தொடாம மின்சார சபைக்குச் சொல்லுங்க. வேலையை லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்கிட்ட விடுங்க.

பதில் 3: எல்லா நியூட்ரல் வயரும் (கரண்ட் திரும்பிப் போற வயர்) ட்ரிப் சுவிட்ச் வழியாத்தான் போகணும். ஒண்ணு வெளியே நின்னாலும் சுவிட்ச் சும்மா சும்மா விழும். அப்போ சுவிட்சைத் திட்டி, அதை விட்டுட்டு வயரை நேரடியா இணைச்சிடுவாங்க, அதுதான் ஆபத்து. டெஸ்ட் பட்டன் வேலை செஞ்சா எர்த் சரின்னு அர்த்தமில்லை, அதைத் தனியா அளக்கணும்.