கே.டி.எச். வானுக்கு ரிமோட் ஸ்ரார்ட்: பைபாஸ் பெட்டியை எப்பிடிக் குடுக்கிறது?

கோண்டாவில் வான்
வணக்கம். வான் ரொயோட்டா ஹயஸ் கே.டி.எச். 201, 3 லீற்றர் 1கேடி டீசல் எஞ்சின், ஓட்டோ கியர், திறப்புப் போட்டுத் திருப்புற வகை. ஹயருக்கு ஆக்கள் ஏற முதல் வெளிய நிண்டு ரிமோட்டால எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி 10 நிமிசம் ஏசி ஓட வைக்கத்தான் இந்த வேலை. கிற் கனடாவில இருந்து வந்தது. பைபாஸ் பெட்டியும் அதோடயே இருக்கு, ஸ்பெயர் திறப்பை உள்ள வைக்கிற வகை. திறப்பைக் கழட்டினா டாஷ்போர்ட்டில சிவப்பு லைற் மினுங்குது, அப்ப இம்மொபிலைசர் (திறப்பில சரியான சிப் இல்லாட்டி எஞ்சினைப் பிடிக்க விடாத பூட்டு) இருக்கு.

ரெண்டு பிரச்சினை. கிற் புத்தகத்தில இருக்கிற வயர் நிறம் ஒண்டும் வானோட ஒத்துவரேல்ல. மற்றது, தற்காலிகமாக் குடுத்துப் பாத்தா ஸ்ரார்ட்டர் நல்லாச் சுத்துது, ஆனா எஞ்சின் பிடிக்குதில்லை. திறப்பால எண்டா ஒரு சுத்திலயே பிடிக்குது. எங்க பிழை?

மீற்றர்காரன்
நிறத்தை மறந்திடுங்கோ. ஸ்ரேரிங்குக்குக் கீழ இருக்கிற சுவிச் பிளக்கில டிஜிற்றல் மீற்றரை வைச்சு ஒவ்வொரு வயரா அளவுங்கோ. ரெஸ்ற் லாம்ப் வேண்டாம், அது டேற்றா வயரில பட்டா ஈசியூவுக்கு (எஞ்சின் கொம்பியூட்டர்) ஆபத்து. மஞ்சள் உறை போட்ட வயரும் மஞ்சள் பிளக்கும் எயார்பாக். அதில மீற்றர் முனைகூட வைக்கக்கூடாது. பிளக் கழட்ட முதல் பற்றறி மைனசைக் கழட்டி 90 செக்கன் விடுங்கோ.

ரொயோட்டா சுவிச்சில எப்பவும் 12 வோல்ற் நிக்கிற வயர் ரெண்டு: ஏஎம்1, ஏஎம்2. ரெண்டும் வேற வேற பியூஸில இருந்து வாறது. கிற்றின்ர ரெண்டு சிவப்பு மொத்த வயரையும் ஆளுக்கொண்டாக் குடுங்கோ, ரெண்டையும் ஒண்டிலயே கட்டாதேங்கோ. ஏசிசி (ரேடியோ மாதிரிச் சாமானுக்குப் போற) வயரில ஸ்ரார்ட் அடிக்கேக்க வோல்ற் விழும். திறப்பு ஓனில நிக்கேக்க கரண்ட் வாற ஐஜி1, ஐஜி2 ரெண்டிலயும் விழாது.

உங்கட எஞ்சின் பிடிக்காததுக்கு நான் முதல்ல சந்தேகப்படுறது இதைத்தான். கிற் புத்தகங்களில "இக்னிஷன் 2" எண்டு போட்டிருக்கிறது பல நேரம் ஸ்ரார்ட் அடிக்கேக்க கட்டாகிற வயர். ரொயோட்டாவில ஐஜி2தான் எஞ்சின் பக்கத்துக்குப் போறது. அதைக் கட்டாகிற அவுட்புட்டில குடுத்தா ஸ்ரார்ட்டர் சுத்தும், ஈசியூவுக்குக் கரண்ட் இராது, எஞ்சின் பிடிக்காது. கிற் செற்றிங்கில அந்த அவுட்புட்டை ஏசிசியில இருந்து இக்னிஷனுக்கு மாத்துங்கோ. பிறகு ஸ்ரார்ட் அடிச்சபடி ஐஜி2 வயரை அளந்து பாருங்கோ. 10 வோல்ற்றுக்குக் கிட்ட நிண்டாச் சரி, பூச்சியம் எண்டா செற்றிங் இன்னும் மாறேல்ல.

ஸ்ரார்ட் அடிக்கேக்க மட்டும் 12 வோல்ற் வாற வயரும் சில வானில ரெண்டு இருக்கும். அப்பிடி எண்டா ரெண்டாவதுக்குத் தனி ரிலே போடுங்கோ, ரெண்டையும் சேத்து முறுக்காதேங்கோ.

கடிக்கிற கிளிப் போட்டு வயர் எடுக்கிறது இந்தச் சூட்டிலயும் குலுக்கலிலயும் ஒரு வருசம் தாங்காது. உறையைச் சீவி, சுத்தி, சோல்டர் வைச்சு, துணி ரேப் சுத்துங்கோ. மொத்த வயரை நீட்டவேண்டி வந்தா 4 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாதேங்கோ.

வடமராட்சி ஓட்டோ
அண்ணை சொன்னது சரி. அதைத் திருத்தின பிறகு எஞ்சின் பிடிச்ச உடனை நிண்டா, அல்லது அப்பவும் பிடிக்காட்டி, பைபாஸைப் பாருங்கோ.

அந்தப் பெட்டி செய்யிறது ஒரே ஒரு வேலை: உள்ள இருக்கிற ஸ்பெயர் திறப்பின்ர சிப்பை வானுக்கு வாசிக்கக் காட்டுறது. திறப்புத் துவாரத்தைச் சுத்தி ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் வளையம் இருக்கு, அதுதான் சிப்பை வாசிக்கிற அன்ரெனா. பெட்டிக்குள்ளயும் ஒரு சுருள் இருக்கு. பெட்டியில இருந்து வாற மெல்லிய வயரை அந்தக் கறுப்பு வளையத்துக்கு மேல, அதே அச்சில, ஒட்டினபடி 8 தொடக்கம் 10 சுத்துச் சுத்தி ரேப்பால இறுக்குங்கோ. ஒரு சென்ரிமீற்றர் பின்னால தள்ளிப்போனாலே வாசிக்காது. பெட்டியையும் சுவிச்சுக்குப் பக்கத்தில இரும்புச் சட்டத்தில ஒட்டிவைக்காதேங்கோ.

பெட்டிக்குள்ள இருக்கிற ரிலே, கிற்றில ரிமோட்டால ஸ்ரார்ட் அடிச்சு ஓடேக்க மட்டும் எர்த் குடுக்கிற அவுட்புட்டில வேலை செய்யோணும். சிலர் அதை நேர பொடியில எர்த் பண்ணிவிடுவினம். அப்ப ரிமோட்டால ஸ்ரார்ட் ஆகும், ஆனா கைத்திறப்பைப் போட்டா ரெண்டு சிப்பும் ஒரே நேரத்தில பதில் சொல்லும், வளையம் ஒண்டையும் வாசிக்காது. சந்தையில ரெண்டு பேர் சேந்து விலை சொன்ன மாதிரி. அதோட, ஆராவது சுவிச்சை உடைச்சுத் திருப்பினாலும் வான் ஸ்ரார்ட் ஆகும். இம்மொபிலைசர் இருந்தும் இல்லாத கணக்கு.

திறப்பின்ர இரும்பு அலகை வெட்டி எறிஞ்சுபோட்டு சிப் இருக்கிற தலையை மட்டும் உள்ள வைச்சாக் காணும். வெட்ட முதல் அந்தத் திறப்பை, மற்றத் திறப்பு பக்கத்தில இல்லாம, தனியப் போட்டுத் திருப்பி, எஞ்சின் பிடிக்குதோ எண்டு பாருங்கோ. கடையில வெட்டின ஸ்பெயரில சில நேரம் சிப்பே இராது.

டீசல் மூளை
ஒருத்தரும் பொனற் பின் சுவிச்சைப் (எஞ்சின் மூடி திறந்திருந்தா ரிமோட் ஸ்ரார்ட்டைத் தடுக்கிறது) பற்றிச் சொல்லேல்லையே. கிற் செய்தவன் எஞ்சின் முன்னால இருக்கெண்டு நினைச்சுத்தான் அந்தப் பின்னைத் தந்திருக்கிறான். கே.டி.எச்.சில எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழ. முன் மூடியில பூட்டினா ஒரு பாதுகாப்பும் இல்லை. சீற்றைத் தூக்கின உடனை எர்த் கிடைக்கிற மாதிரி சீற்றுச் சட்டத்தில பூட்டுங்கோ. பெல்ற்றில கை வைச்சிருக்கிற நேரம் ஆரோ வீட்டுக்குள்ள ரிமோட்டை அமத்தினா விரல் போகும்.

பிறேக்கை மிதிச்சா ரிமோட் ஸ்ரார்ட்டை நிப்பாட்டுற பிறேக் வயரை பெடலுக்கு மேல இருக்கிற சுவிச்சில எடுங்கோ, மிதிச்சா 12 வோல்ற் வாறது. ஸ்ரார்ட் வயரை ஸ்ரார்ட்டர் ரிலேயில எடுக்காம சுவிச் பக்கம் எடுக்கோணும், இல்லாட்டி கியர் பி, என்னில நிண்டா மட்டும் ஸ்ரார்ட் அடிக்க விடுற சுவிச்சைத் தாண்டிப் போயிடும். முடிஞ்ச பிறகு வெறும் வெளியில ஹான்ட் பிறேக்கை இறுக்கி, கியரை டியில விட்டு, திறப்பை ஓஃப் பண்ணி, காலைப் பிறேக்குக்குப் பக்கத்தில வைச்சபடி ரிமோட்டை அமத்துங்கோ. ஸ்ரார்ட்டர் அசையவே கூடாது. மனுவல் கியர் வானுக்கு இதைப் பூட்டச் சொல்லிக் கேட்டா நான் மாட்டன்.

கிற்றில டீசல் மோட் போட்டு, இருக்கிறதில குறைஞ்ச டிலேயை (எஞ்சினைச் சூடாக்கிற குளோ பிளக்குக்காக ஸ்ரார்ட் அடிக்க முதல் காத்திருக்கிற நேரம்) வையுங்கோ, எங்கட ஊர் வெக்கைக்கு அது காணும். எஞ்சின் ஓடுதோ எண்டு வோல்ற்றேஜ் பாத்துக் கண்டுபிடிக்கிற முறையை விடுங்கோ. குளோ பிளக் கரண்ட் இழுக்கேக்க வோல்ற் 14க்கு ஏற நேரமெடுத்தா, கிற் ஓடுற எஞ்சினில திருப்பி ஸ்ரார்ட்டர் அடிக்கும், பல்லுச் சக்கரம் கரகரக்கும். ஆர்.பி.எம். (எஞ்சின் சுத்துற வேகம்) வயர் குடுத்து, கிற்றுக்கு அதைப் பழக்கிவிடுங்கோ.

கோண்டாவில் வான்
ஐஜி2 செற்றிங் ஏசிசியிலதான் இருந்தது. மாத்தினன், பிடிக்குது. சீற்றுப் பின்னும் பூட்டியாச்சு. ஆனா ரிமோட்டால ஓடேக்க புளோவர் காத்து வருதில்லை.

மீற்றர்காரன்
ஐஜி1 ஓட்டத்தில இல்லை எண்டு அர்த்தம். புளோவர் ரிலே அந்தப் பக்கம். அந்தச் சோல்டரை இழுத்துப் பாருங்கோ, கிற் பியூஸ் 30 அம்பியரையும் பாருங்கோ. பிறகு வானில ஏறேக்க திறப்பை ஓனுக்கு மட்டும் திருப்பிப்போட்டுப் பிறேக்கை மிதிக்கோணும். முதல்லயே மிதிச்சா எஞ்சின் நிக்கும், அது பழுதில்லை. கதவு மூடின ஷெட்டுக்குள்ள விட்டு ரிமோட் அமத்தாதேங்கோ, புகை வீட்டுக்குள்ள வரும்.