மரீ: தண்டவாளம் இரண்டாகப் பிரித்த ஊரில் இரண்டு நாட்கள்

தென் ஆஸ்திரேலியாவின் வறண்ட வடபகுதியில் இருக்கும் மரீ என்னும் சிற்றூர் வழியாகப் போய்வந்ததைப் பற்றி இங்கே எழுதிய நண்பர்கள் இருவருமே அந்த ஊரில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை என்று தெரிகிறது. எரிபொருள் நிரப்பிக்கொண்டு, பழைய ரயில் இன்ஜின் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, வடக்கே பேர்ட்ஸ்வில் பாதையிலோ மேற்கே ஊட்னடட்டா பாதையிலோ வண்டியைத் திருப்பிவிடுவதுதான் பெரும்பாலோரின் வழக்கம். அந்த இரண்டு நெடிய மண்சாலைகளும் பிரிகிற முனையில் ஊர் இருப்பதால் அப்படி நேர்வதில் வியப்பில்லை. நானும் என் மனைவியும் சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அங்கே இரண்டு இரவுகள் தங்கினோம். அந்த ஊர் அரை மணி நேரத்தில் பார்த்து முடிக்கிற ஊர் அன்று என்பதைச் சொல்லவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அடிலெய்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர். வழியில் ஹாக்கரில் ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் ஃபரீனா என்னும் கைவிடப்பட்ட ஊரில் சிறிது நேரம் இறங்கினோம். கோதுமை விளையும் என்று நம்பி மாவைக் குறிக்கும் லத்தீன் சொல்லையே பெயராகச் சூட்டிய அந்த இடத்தில் இன்று கல்சுவர்கள் மட்டுமே நிற்கின்றன. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மரீ வந்துவிடுகிறது.

நூறு பேர் இருந்தாலே பெரிது என்று சொல்லத்தக்க ஊர் அது. 1883இல் கட்டிய இரண்டு மாடிக் கல் விடுதி ஒன்று, ஒரு கடை, ஒரு பள்ளி, சில தகர வீடுகள், நடுவே ரயிலே வராத ஒரு ரயில் நிலையம். 1859இல் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட்டின் பயணக் குழுவில் இருந்த ஹெர்காட் என்பவர் அருகில் கண்டறிந்த நீரூற்றுகளை வைத்து, முன்பெல்லாம் இந்த ஊரை ஹெர்காட் ஊற்று என்றே அழைத்திருக்கிறார்கள். முதல் உலகப் போரின்போது ஜெர்மானியப் பெயர்களை எல்லாம் அகற்றியதில் அந்தப் பெயரும் போயிற்று. 1884இல் இருப்புப்பாதை இங்கே வந்து சேர்ந்தது. பிறகு அது மெல்ல மெல்ல வடக்கே நீண்டு 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸை எட்டியது. 1957இல் தெற்கிலிருந்து மரீ வரை அகலமான பாதை போட்டார்கள். வடக்கே போவதோ பழைய குறுகிய பாதையாகவே இருந்தது. அதனால் பயணிகளும் மாட்டு மந்தைகளும் சரக்கு மூட்டைகளும் இங்கே இறங்கி வேறு வண்டி ஏற வேண்டியிருந்தது. பிறர் சுமையை ஒன்றிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றுவதுதான் இந்த ஊரின் பிழைப்பு. 1980இல், அடிலெய்டுக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கும் இடையே ஓடிய கான் ரயில் வேறு தடத்துக்கு மாறியதும் அந்தப் பிழைப்பு நின்றது. நிலையத்தின் அருகே துருவேறி நிற்கும் டீசல் இன்ஜின்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவை வெறும் பழைய இரும்பாகவே தெரியும்.

டாம் குரூஸ் என்ற தபால்காரரின் பழைய லாரி ஒன்றும் ஊரில் இருக்கிறது. நடிகரின் பெயரைக் கொண்ட இவர் அந்த நடிகருக்கு முன்பே புகழ்பெற்றவர். 1936 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மரீயிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை, 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மணல்வழியில், கடிதங்களும் மாவும் மருந்தும் கொண்டுபோனவர். மணலில் சக்கரம் புதைந்தால் அடியில் இரும்புத் தகடுகளைப் போட்டு ஓரிரு அடியாக வண்டியை நகர்த்துவாராம். கூப்பர் ஆறு பெருகினால் சரக்கைப் படகில் ஏற்றி அக்கரை சேர்ப்பாராம்.

என்னை நெடுநேரம் நிற்க வைத்தது இவற்றில் எதுவும் அன்று. ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள சிறிய பள்ளிவாசல்தான். மரக்கம்பங்களின் மேல் வேய்ந்த கூரை, மண்சுவர், முன்னால், தொழுகைக்கு முன் கை கால் கழுவி உளூச் செய்வதற்கான சிறிய தடாகம், அவ்வளவுதான். 1880களில் ஒட்டகக்காரர்கள் கட்டி வழிபட்ட பள்ளியின் நினைவாகப் பின்னாளில் அதே வடிவில் எழுப்பியது இது. ஆஸ்திரேலியாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்றாக அந்த முதல் கட்டடத்தைச் சொல்கிறார்கள். கோபுரமோ மினாராவோ இல்லாத, தாழ்வாரம் அளவே உள்ள அந்த இடத்தில் கால்மடித்து உட்கார்ந்தபோது, புழுதிக் காற்றும் வெயிலும் உள்ளே வராமல் நிழல் மட்டும் வருகிறதைக் கண்டேன். கட்டியவர்களுக்குப் பாலைவனம் தெரிந்திருக்கிறது.

அந்த ஒட்டகக்காரர்களை எல்லாரும் ஆப்கானியர் என்றே அழைத்தார்கள். கான் ரயிலுக்குப் பெயர் வந்ததும் அந்தச் சொல்லிலிருந்துதான் என்பார்கள். உண்மையில் அவர்களில் பலர் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் என்று அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்தவர்கள். கராச்சியிலிருந்து கிளம்பிய கப்பல் ஒன்று 1865ஆம் ஆண்டின் கடைசி நாளில் போர்ட் அகஸ்டா துறையை அடைந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களோடு அவற்றை நடத்தத் தெரிந்த 31 ஆட்களும் வந்து இறங்கினார்கள். அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த உள்நாட்டின் கம்பளிப் பொதிகளும், தந்திக் கம்பிகளும், தண்டவாளக் கட்டைகளும் ஒட்டக முதுகில்தான் போயின. தம்மைத் தேவையற்றவர்களாக்கப் போகிற இருப்புப்பாதைக்கு வேண்டிய பொருள்களையும் அவர்களே சுமந்து கொடுத்தார்கள் என்பதை அங்கே உட்கார்ந்து நினைத்துப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஊர் அவர்களுக்குத் தந்த இடம் தண்டவாளத்துக்கு மறுபக்கம். ஒரு பக்கம் வெள்ளையர் வீடுகளும் விடுதியும். மறுபக்கம் ஒட்டகக்காரர்களும் பழங்குடி மக்களும். மனைவியரை அழைத்துவரப் பெரும்பாலும் வழி இல்லாததால் பழங்குடிப் பெண்களையும், சிலர் ஐரோப்பியப் பெண்களையும் மணந்து இங்கேயே வேர்விட்டார்கள். வெள்ளையர் அல்லாதோரைத் தடுக்க 1901இல் வந்த குடியேற்றச் சட்டத்தின் காலத்தில் அவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை கிட்டவில்லை. 1920களில் லாரிகள் வந்ததும் ஒட்டகங்கள் தொல்லையாகிவிட்டன. அலைந்து திரியும் ஒட்டகங்களைக் கொல்ல அனுமதிக்கும் சட்டத்தைத் தென் ஆஸ்திரேலியா 1925இல் இயற்றியது. தாம் வளர்த்தவற்றைச் சுட மனம் வராமல் அவிழ்த்துவிட்டவர்கள் பலர். இன்று அந்தப் பாலைவனத்தில் திரியும் காட்டு ஒட்டகங்களில் பல அவற்றின் வழித்தோன்றல்களே.

மறுநாள் காலையில் இடுகாட்டுக்குப் போனோம். அங்கும் பிரிவு தொடர்கிறது. ஒட்டகக்காரர்களின் கல்லறைகள் தனியே இருக்கின்றன. அங்கே ஒரு மூத்த பெண்மணி, காய்ந்த புல்லைக் கையால் களைந்துகொண்டிருந்தார். தம் பாட்டனார் ஒட்டகம் ஓட்டியவர் என்றும், பாட்டி இந்த மண்ணின் பழங்குடிப் பெண் என்றும், சிறு வயதில் தம் வீட்டில் மாவைப் பிசைந்து சப்பாத்தி சுடுவார்கள் என்றும் சொன்னார். “சப்பாத்தி” என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதும் என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எங்களை எந்த ஊர் என்று கேட்டார், தமிழ்நாடு என்றோம். அது கராச்சிக்குப் பக்கமா என்று கேட்டவரிடம், வெகுதூரம் என்றும், ஆனால் அன்று இரண்டும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன என்றும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு மீண்டும் புல்லைக் களையத் தொடங்கினார்.

பெஜா தர்வீஷின் கதையை இந்த ஊரில் அறியாதவர் இல்லை. பலுசிஸ்தானத்தில் பிறந்தவர். 1896இல் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனங்களை ஆராயச் சென்ற கால்வர்ட் ஆய்வுப் பயணத்தில் ஒட்டகங்களை நடத்திச் சென்றார். அந்தப் பயணத்தில் குழுவினர் இருவர் தாகத்தால் மாண்டார்கள்; பெஜாவின் உறுதியைக் கண்ட தலைவர் வெல்ஸ் தம் திசைகாட்டியையே அவருக்குப் பரிசளித்தார். பிற்காலத்தில் மரீயில் பேரீச்சை வளர்த்து வாழ்ந்து, தொண்ணூறு வயதைக் கடந்து 1957இல் மறைந்தார். அவர் மகன் ஜாக், 1939இல் மாடிகன் என்னும் நிலவியலாளர் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடந்த பயணத்தில் ஒட்டகம் நடத்தினார். ஊருக்குள் இன்றும் நிற்கிற பேரீச்ச மரங்களின் அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தேன். மட்டை உதிர்ந்த தழும்புகள் செதில்செதிலாக, உள்ளங்கையை உரசும் அளவுக்குக் கூர்மையாக இருந்தன.

இனி ஊரின் விசித்திரங்கள். மழையே அரிதான இந்த ஊரில் பாய்மரப் படகுச் சங்கம் ஒன்று இருக்கிறது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 15 மீட்டர் கீழே கிடக்கும் காட்டி தண்டா என்னும் ஐர் ஏரி பெரும்பாலான ஆண்டுகளில் வெறும் உப்புப் படலம். குவீன்ஸ்லாந்தில் பெய்யும் பெருமழை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வறண்ட ஆற்றுப்படுகைகளில் மெல்ல இறங்கி வந்தால்தான் அதில் நீர் நிற்கும். 1974இல் நிரம்பியது போல் பிறகு நிரம்பவில்லை. ஆனால் அந்த ஏரி இப்பகுதிப் பழங்குடியினரான அரபானா மக்களுக்குப் புனிதமானது. அதில் இறங்குவதையும் படகு விடுவதையும் அவர்கள் விரும்புவதில்லை. கரையில் நின்று பார்ப்பதே முறை என்பது என் கருத்து.

ஊருக்கு மேற்கே பீடபூமியில் மண்ணைக் கீறி வரைந்திருக்கும் மாபெரும் மனித உருவத்தை 1998இல் ஒரு விமானி தற்செயலாகக் கண்டார். அதன் நீளம் 2 கிலோமீட்டருக்கும் மேல்; வரைந்தவர் யார் என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. மங்கிப்போன கோடுகளை 2016இல் மீண்டும் உழுது தெளிவாக்கினார்கள். வானிலிருந்து மட்டுமே முழுதாகத் தெரியும் அதைப் பார்க்க நாங்கள் சிறு விமானத்தில் இடம் கேட்டிருந்தோம். இரண்டு நாட்களும் பலத்த காற்று வீசியதால் விமானம் ஏறவில்லை. ஆதலால் காற்றுக்காக ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

ஊட்னடட்டா பாதையில் இருக்கும் மியூட்டோனியா சிற்பத் தோட்டத்தில் இரண்டு விமானங்களை வாலை மண்ணில் ஊன்றி மூக்கு வானத்தைப் பார்க்க நிறுத்தியிருக்கிறார்கள். பழைய வண்டிகளின் உதிரிகளால் ஆன உருவங்கள் சுற்றிலும் நிற்கின்றன. காற்றில் அவற்றின் தகரம் முனகுவது தொலைவிலேயே கேட்கிறது.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் போகத் தகுந்த காலம். மழை பெய்தால் மண்சாலைகளை மூடிவிடுவார்கள் என்பதால் புறப்படும் முன் சாலை நிலவரத்தைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். குடிநீரும் இரண்டு உபரி டயர்களும் வண்டியில் இருக்கட்டும். ஜூலையில் மரீயில் நடக்கும் ஒட்டகப் பந்தயத்தை நாங்கள் சில வாரங்களில் தவறவிட்டோம். அதைக் கண்டவர்கள் யாரேனும் இருந்தால் எழுதுங்கள். பழைய ஒட்டகக்காரர் குடும்பங்கள் அந்த நாளில் ஊருக்குத் திரும்பி வருகின்றனவா என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன்.