விறகடுப்புப் புகைபோக்கிக்கு உட்குழாய் தேவையா?

கேள்வி (தேன்கனிக்கோட்டை):
வணக்கம். எங்கள் விறகடுப்பின் செங்கல் புகைபோக்கியில் உட்பூச்சு உதிர்ந்து, மாடிச் சுவரில் கருங்கறை கசிகிறது. மீண்டும் பூசினால் போதுமா, உள்ளே குழாய் இறக்க வேண்டுமா?

பதில் (ஓசூர்):
ஐயா, அது வெறும் கரியன்று. ஈர விறகின் புகை குளிர்ந்த சுவரில் படிந்து உண்டாகும் கிரியோசோட் என்னும் தார்ப்பொருள், அதில் தீப்பற்றினால் புகைபோக்கிக்குள்ளேயே நெருப்பு மூளும். சிமெண்டுப் பூச்சு சூட்டில் விரிந்து சுருங்கி மறுபடியும் வெடிக்கும் என்பதால், துருப்பிடிக்காத எஃகுக் குழாயை உச்சியிலிருந்து அடுப்பு வாய் வரை இறக்குவதே நல்லது. ஆஸ்பெஸ்டாஸ் குழாயை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தயவுசெய்து வாங்காதீர்கள். சூட்டில் விரிசல் விடும், அதன் இழை நுரையீரலைக் கெடுக்கும்.

பதில் (காவேரிப்பட்டினம்):
ஓசூர் நண்பர் சொன்னது சரி. கரி 3 மில்லிமீட்டர் அளவுக்குப் படிந்ததும், அடுப்பு முழுவதும் ஆறிய பின், அடுப்பு வாயை ஈரச்சாக்கால் மூடிவிட்டு, குழாயின் விட்டத்துக்குப் பொருந்தும் தூரிகையை மேலிருந்து விட்டுத் தேய்க்க வேண்டும். நம் பக்கத்தில் தோப்பில் கழித்த மாங்கிளைகளைப் பச்சையாகவே எரிக்கும் வழக்கம்தான் பாதித் தொல்லைக்குக் காரணம். பிளந்து, மழைபடாமல் அடுக்கி, ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை காயவிடுங்கள்.

கேள்வியாளர்:
மிக்க நன்றி. குழாய் கூரைக்கு மேல் எவ்வளவு உயர வேண்டும்?

பதில் (ஓசூர்):
கூரையிலிருந்து குறைந்தது 3 அடி. 10 அடி தூரத்துக்குள் உயர்ந்த சுவரோ முகடோ இருந்தால், அதைவிட 2 அடி கூடுதலாக.