மறு: சைக்கடெலிக் மியூசிக்குக்கு ஒரு சொல் – "மருளிசை" எப்படி இருக்கு?

வணக்கம் எல்லாருக்கும், சைக்கடெலிக் மியூசிக்னா 1960கள்ல போதை மருந்து அனுபவத்தோட சேர்த்துப் பேசப்பட்ட, மனசை மயக்கற ராக் இசை, அதுக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு பேசிட்டு இருக்கோம். இழையில வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> "போதையிசை"ன்னே வெச்சிடலாமே, யாருக்கும் உடனே புரியும்.

ஐயா, உடனே புரியும்தான், ஆனா தப்பா புரியும். பீ ஜீஸ்ங்கற பாப் இசைக்குழுவோட 1967 ஆல்பம் "பீ ஜீஸ் ஃபர்ஸ்ட்" கட்டுரைக்காகத்தானே இந்த இழையை ஆரம்பிச்சோம், அதை ஒருதடவை முழுசா கேட்டுட்டு போதைங்கற சொல்லை அதுமேல ஒட்ட முடியுதான்னு பாருங்க. பாரி, ராபின், மாரிஸ்னு மூணு அண்ணன் தம்பிங்க, ராபினும் மாரிஸும் இரட்டையர், அப்ப அவங்களுக்கு 17 வயசு, ஆஸ்திரேலியாவுல வளர்ந்துட்டு அந்த வருஷ ஆரம்பத்துலதான் இங்கிலாந்து திரும்பினாங்க, வந்த சில மாசத்துலயே லண்டன் ஐபிசி ஸ்டூடியோவுல இதைப் பதிவு பண்ணிட்டாங்க. முதல் பாட்டு "டர்ன் ஆஃப் த செஞ்சுரி"ல ஒருத்தன் டைம் மெஷின்ல ஏறி நூற்றாண்டோட தொடக்கத்துக்கே போகணும்னு ஆசைப்படறான். இதுல போதை எங்க இருக்கு?

சைக்கடெலிக்ங்கற சொல்லை 1950கள்ல உண்டாக்கின ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் ஒரு மனநல மருத்துவர். கிரேக்கத்துல மனசுக்கான சொல்லையும் வெளிப்படறதுக்கான சொல்லையும் சேர்த்தார். மருந்து பத்தின கட்டுரைகளுக்கு "உளவிரி"ன்னு இன்னொருத்தர் சொன்னாரே, அது அங்க நல்லா பொருந்தும், அங்கயே இருக்கட்டும். பாட்டுக்கு எனக்கு "மருளிசை"தான் வேணும்.

ஏன்னா மருள்ங்கறதுல மயக்கம் இருக்கு, ஆனா கள்ளு சாராய வாடை இல்ல. குறள்லயே மாலைப்பொழுது வர்றப்ப மதி மருளுதுன்னு வருது, பகலும் இல்லாம இரவும் இல்லாம இருக்கற நேரத்துல மனசு தடுமாறுது பாருங்க, அதுதான். இதைவிட எனக்குப் பெரிய ஆதாரம் மருட்பா. வெண்பாவா ஆரம்பிச்சு ஆசிரியப்பாவா முடியற பாட்டுக்கு நம்ம யாப்புக்காரங்க அந்தப் பேரைத்தான் வெச்சிருக்காங்க. இப்ப இந்த ஆல்பத்துல "எவ்ரி கிறிஸ்டியன் லயன் ஹார்ட்டட் மேன் வில் ஷோ யூ" பாட்டைக் கேளுங்க. மெல்லோட்ரான்ங்கற கீபோர்டு கருவியோட ஒலியும் லத்தீன் மாதிரி சொற்கள்ல ஏதோ பழைய மடத்துல ஓதற மாதிரி குரல்களுமா ஆரம்பிக்குது, திடீர்னு கிட்டார் டிரம்ஸோட ராக் பாட்டா மாறுது, மறுபடி ஓதல் வருது. ஒண்ணு இன்னொண்ணா மாறிட்டே இருக்கறதைக் குறிக்க ஏற்கெனவே நம்மகிட்ட இருக்கற சொல்லை விட்டுட்டு வெளியில ஏன் தேடணும்?

> மருள்னா சாமி வந்து ஆடறதுன்னு எங்க ஊர்ல அர்த்தம். குழப்பம் வராதா?

அந்த அர்த்தம் இருந்துட்டுப் போகட்டுங்க. தன்னை மறந்த நிலைங்கறது இந்த இசைக்கு அந்நியம் இல்லையே. ஆனா "மருட்டும் இசை"ன்னு மட்டும் யாரும் எழுதிடாதீங்க, அது பயமுறுத்தற இசைன்னு ஆயிடும்.

அடுத்தது ஆர்கெஸ்ட்ரா. "வாத்தியக்குழு"ன்னா கல்யாண மேளம் செட் வரைக்கும் எல்லாம் அதுல அடங்கிடும், அதனால "பல்லியம்"ங்கற பழைய சொல்லை ஆதரிக்கிறேன். இயம்னா இசைக்கருவி, பல இயம் சேர்ந்தது பல்லியம், ஏற்கெனவே சிலர் புழங்கறதுதான். இந்த ஆல்பத்துக்கு இந்தச் சொல் ரொம்ப முக்கியம், ஏன்னா கருவிகளுக்கு இசை பிரிச்சு எழுதின அரேஞ்சர் பில் ஷெப்பர்டோட பல்லிய அமைப்பு இல்லாம இந்தப் பாட்டுகளை நினைச்சே பார்க்க முடியல. "டு லவ் சம்படி"ல வயலின்களும் பித்தளைக் கருவிகளும் எழும்பி வர்ற இடத்துல பாரியோட குரல் அதுங்களுக்கு மேல ஏறி நிக்கும், அதைக் கேக்கறப்ப எனக்கு இன்னிக்கும் சிலிர்க்குது. அது மருளிசை இல்ல, சோல்ங்கற அமெரிக்கக் கறுப்பின இசை வகைப் பாட்டு, அந்த வகைப் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கை மனசுல வெச்சு எழுதினது. அதனாலதான் கட்டுரையில ஆல்பம் மொத்தத்தையும் "மருளிசை ஆல்பம்"னு ஒரே வார்த்தையில அடைக்காம பாட்டுக்குப் பாட்டு சொல்லணும்னு கேக்கறேன். "நியூயார்க் மைனிங் டிஸாஸ்டர் 1941"ஐயும் பாருங்க, பேருதான் நியூயார்க், தூண்டுதல் 1966ல வேல்ஸ்ல அபெர்ஃபான் ஊர்ல நிலக்கரிக் கழிவு மேடு சரிஞ்சு 116 குழந்தைங்க உட்பட 144 பேர் செத்த கொடுமை. மண்ணுக்குள்ள மாட்டிக்கிட்ட ஒரு தொழிலாளி கூட இருக்கறவர்கிட்ட தன் மனைவி போட்டோவைக் காட்டறான். இதுக்கு மருள்ங்கற அடைமொழி சுத்தமா ஒட்டாது, யாராவது போட்டா நானே நீக்கிடுவேன்.

மெல்லோட்ரான் பத்தி ஒரு வார்த்தை. ஒவ்வொரு கட்டைக்கும் கீழ ஒரு நாடா, அதுல நிஜக் கருவியோட ஒலி பதிஞ்சிருக்கும், அழுத்தினா சுமார் 8 விநாடி ஓடி நின்னுடும். அதை "நாடாப்பெட்டி"ன்னு எழுதச் சொன்ன யோசனை வேண்டாம், அது ஒரு கருவியோட பேரு, அப்படியே இருக்கட்டும். ஆனா அந்த ஒலியைப் பல்லியம்னு எழுதக்கூடாது, ஆட்கள் உக்காந்து வாசிச்சதுக்கு மட்டும்தான் அந்தச் சொல்.

ஆக, சைக்கடெலிக் மியூசிக் மருளிசை, அந்த வகைப் பாட்டு மருட்பாடல், ஆர்கெஸ்ட்ரா சேர்ந்தா பல்லிய மருளிசை. அரேஞ்சருக்கு "பல்லிய அமைப்பாளர்"னு போட்டிருக்கேன், அது எனக்கே நீளமா படுது, ஸ்டூடியோ பக்கம் வேலை செய்யறவங்க யாராவது இழையில இருந்தா சின்னதா ஒண்ணு சொல்லுங்க, இல்லேன்னா அரேஞ்சர்னே விட்டுடலாம்.