ராயல் என்ஃபீல்டு மீண்டது தலைமையின் துணிவாலா, கட்டாயத்தாலா?

வடசென்னைவாசி:
நிறுவன மாற்றம் என்று பேச்செடுத்தாலே கோடாக், நோக்கியா என்று வீழ்ந்த கதைகளையே எல்லோரும் சொல்கிறார்கள். திருவொற்றியூரில் எழுந்த கதை ஒன்று இருக்கிறது. 1955 முதல் சென்னையில் புல்லட் தயாரித்துவந்த என்ஃபீல்டு நிறுவனம் 1994இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில், மாதம் 6,000 வண்டிகள் செய்யக்கூடிய ஆலையில் ஏறத்தாழ 2,000 வண்டிகளுக்குத்தான் வேலை இருந்தது. விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்ற நிலை. அப்போது ஐஷர் குழுமத்தை வளர்த்த விக்ரம் லாலின் மகனான 26 வயது சித்தார்த்த லால் அவகாசம் கேட்டு என்ஃபீல்டின் பொறுப்பை ஏற்றார். அதைவிடப் பெரிய முடிவை அவர் குழுமப் பொறுப்புக்கு வந்த பிறகு எடுத்தார். செருப்பு, ஆயத்த ஆடை உட்பட ஐஷர் நடத்திவந்த பதினைந்து தொழில்களில் பதின்மூன்றை விட்டு விலகி, பணத்தையும் ஆட்களையும் லாரி, மோட்டார் சைக்கிள் என்ற இரண்டில் மட்டும் குவித்தார். 1959 முதல் குழுமத்துக்குப் பெயர் வாங்கித் தந்த டிராக்டர் தொழிலே 2005இல் சென்னையின் டிராக்டர் நிறுவனமான டாஃபேவுக்குக் கைமாறியது. தந்தை வளர்த்த தொழிலை மகன் விற்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நம் ஊர்க் குடும்ப நிறுவனங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

புகைவிதி:
விற்றதைத் துணிவு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வண்டியில் நடந்த மாற்றத்தையும் அதே கணக்கில் சேர்ப்பது சரியாகாது. பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புகை விதிகளுக்குத் தாக்குப்பிடிக்கக் கூடியது அல்ல. 2010 ஏப்ரலில் இரு சக்கர வண்டிகளுக்குப் பாரத் ஸ்டேஜ் 3 என்ற புகை வரம்பு வந்தபோது அது எப்படியும் போயிருக்கும். என்ஜினையும் கியர் பெட்டியையும் ஒரே கூட்டில் அடக்கிய அலுமினிய என்ஜின் அதற்குச் சற்று முன்னால் வந்தது தற்செயலா? அரசு கழுத்தைப் பிடித்துத் தள்ளிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததைத் தொலைநோக்கு என்று பாராட்டுவது வெற்றிபெற்ற பிறகு எழுதப்படும் வரலாறு.

வடசென்னைவாசி:
புகையைக் குறை என்றுதான் விதி சொன்னது. எப்படிக் குறைப்பது என்று சொல்லவில்லை. ஜப்பானியர் வழியில் சிறிய, வேகமாகச் சுழலும் என்ஜினுக்குப் போயிருந்தால் செலவும் குறைந்திருக்கும், ஆய்வும் எளிதாகியிருக்கும். இதே நிறுவனம் 1980களில் ஜெர்மனியின் சுண்டாப் வடிவமைப்புகளை வாங்கி எக்ஸ்புளோரர், சில்வர் பிளஸ், ஃபியூரி என்று சின்ன வண்டிகளை இறக்கியது. ஜப்பானியக் கூட்டு வண்டிகளோடு போட்டியிட முடியாமல் அவை நின்றுபோயின. (டாரஸ் என்ற டீசல் புல்லட்டை நினைவிருப்பவர்கள் இங்கே எத்தனை பேரோ.) அந்த அனுபவத்துக்குப் பிறகும், ஒற்றைச் சிலிண்டர், பிஸ்டனின் நீண்ட வீச்சு, மெதுவான துடிப்பு ஆகியவற்றைக் காப்பாற்றிக்கொண்டே எண்ணெய்க் கசிவையும் அடிக்கடி பழுதாவதையும் மட்டும் ஒழிப்பது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்திருக்க வேண்டும். 2009இல் வந்த கிளாசிக், 1950களின் தோற்றத்துக்குள் அந்தப் புதிய என்ஜினை வைத்தது. புல்லட்டைப் பார்த்து ஆசைப்பட்டும் அதன் தொல்லைக்குப் பயந்து ஒதுங்கியிருந்தவர்கள் வாங்க வந்தார்கள். எந்த அரசாணையும் அவர்களை அழைத்துவரவில்லை.

பட்டறைக்காரன்:
இரண்டு ஐயாக்களும் மேலிருந்தே பார்க்கிறீர்கள். ஆம்பியர் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து கிக்கரை உதைக்கக் கற்றுக்கொடுப்பது முதல், வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் இடைவெளியைக் காதால் கேட்டே சரிசெய்வது வரை, பழைய புல்லட்டைச் சுற்றிச் சாலையோரப் பட்டறைகளில் ஒரு தொழில் இருந்தது. கிளாசிக்கோடு வந்த அந்தப் புதிய என்ஜினில் டேப்பெட் எண்ணெய் அழுத்தத்தால் தானே சரியாகிக்கொண்டது. வாங்கியவருக்கு நிம்மதி, எங்களுக்கு வாரா வாரம் வந்த வாடிக்கை போயிற்று. வலக்கால் கியர் இடக்காலுக்கு மாறியபோது திட்டித் தீர்த்த பழைய வாடிக்கையாளர்களைச் சமாதானப்படுத்தியதும் பட்டறைதான், தலைமையகம் அன்று. 2013இல் ஒரகடம், 2017இல் வல்லம் வடகால் என்று ஆலைகள் பெருகின. 2018 செப்டம்பரில் ஒரகடத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதையும் மீட்சிக் கதையின் ஒரு பக்கமாக எழுதுங்கள். புல்லட் டாங்கின்மேல் தங்கக் கோட்டைக் கையால் இழுப்பவர்களை விளம்பரத்தில் காட்டும் நிறுவனம், மாற்றத்தைச் சுமந்த மற்றவர்களையும் காட்ட வேண்டாமா?

புகைவிதி:
பட்டறைக்காரர் சொல்வதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். இதே தலைமை, இதே கவனம், இதே பணத்தோடு 2012இல் அமெரிக்காவின் பொலாரிஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, 2015இல் மல்டிக்ஸ் என்ற வண்டியை இறக்கியது. குடும்பத்தை ஏற்றலாம், சரக்கை ஏற்றலாம், மின்சாரமும் எடுக்கலாம் என்று சிறு வணிகரைக் குறிவைத்து, எதையும் நகலெடுக்காமல் புதிதாகச் சிந்தித்துச் செய்த வண்டி அது; 2018இல் கடையை மூடினார்கள். புத்தாக்கம் என்ற பெயருக்கு கிளாசிக்கைவிடப் பொருத்தமானது மல்டிக்ஸ்தான். அதைப் பற்றி மேலாண்மை வகுப்பில் யாராவது பாடம் எடுக்கிறார்களா? தலைமைதான் காரணம் என்றால் இரண்டுக்கும் அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

வடசென்னைவாசி:
மல்டிக்ஸை நானும் அந்தக் கணக்கில்தான் வைக்கிறேன். பதின்மூன்று தொழில்களை விட்டவர் பதினான்காவதையும் விடத் தயங்கவில்லை. சந்தைக்கு வந்த மூன்றே ஆண்டுகளில் நிறுத்தத் தெரிந்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. நஷ்டத்தில் ஓடும் பிரிவைக் கௌரவத்துக்காகப் பத்தாண்டு இழுத்த குழுமங்கள் நாட்டில் ஏராளம். தொழிலாளர் பற்றிப் பட்டறைக்காரர் சொன்னதை மறுக்க என்னிடம் வாதமில்லை, ஆனால் மாற்றமே நடக்காமல் ஆலை 2001இல் மூடப்பட்டிருந்தால் போராடுவதற்கு ஒரகடமே இருந்திருக்காது.

புகைவிதி:
அப்படியானால் இனி வருவதைக் கொண்டு பார்ப்போம். 2024 நவம்பரில் மிலான் கண்காட்சியில் ஃப்ளையிங் ஃப்ளீ என்ற மின்சார வண்டியைக் காட்டினார்கள். அதில் துடிப்பும் இல்லை, ஓசையும் இல்லை. நீங்கள் காப்பாற்றப்பட்டதாகச் சொன்ன எதுவுமே அதற்குள் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் இறக்கிய சிறு வண்டியின் பெயரும் சாயலும் மட்டுமே மிச்சம். பெட்ரோல் என்ஜினை நாளைக்கே நிறுத்து என்று இன்று எந்த விதியும் இவர்களைத் துரத்தவில்லை என்பதால், உங்கள் துணிவுக் கோட்பாட்டுக்கு இதைவிடச் சுத்தமான சோதனை கிடைக்காது. அது விற்றால் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன்.

பட்டறைக்காரன்:
விற்றால் பழுது பார்ப்பது யார் என்பதையும் இரண்டு பேரும் சேர்த்தே விவாதியுங்கள். பாட்டரியைத் திறக்கும் கருவியும் மென்பொருளும் நிறுவனத்தின் சேவை மையத்துக்கு வெளியே கிடைக்குமா என்று நான் கேட்டால் விற்பனையகத்தில் சிரிக்கிறார்கள்.