வேலிடேஷன் = செல்லுமைச் சோதனை? மென்பொருள் சொற்பட்டியலுக்கு, தேதிப் புலத்தை வைத்து ஒரு முன்மொழிவு

வணக்கம்.

> வேலிடேஷன், வெரிஃபிகேஷன் இரண்டுக்கும் 'சரிபார்ப்பு' போதாதா?

போதாது. ஒரு படிவத்தின் பிறந்த தேதிப் புலத்தில் (நிரப்பும் பெட்டியில்) ஒருவர் 31-02-1990 என்று இடுகிறார். அப்படி ஒரு நாளே கிடையாது, படிவமே தடுத்துவிடலாம். இன்னொருவர் 12-02-1990 என்று இடுகிறார். நாள் இருக்கிறது, ஆனால் அவர் அன்றுதான் பிறந்தாரா என்பது சான்றிதழைப் பார்த்தால்தான் தெரியும். முதலாவது வேலிடேஷன், அடுத்தது வெரிஃபிகேஷன். 'தேதி சரிபார்க்கப்பட்டது' என்று திரையில் வந்தால், சான்றிதழையே பார்த்துவிட்டார்கள் என்றுதான் பயனர் நினைப்பார்.

> 'செல்லுபடியாக்கல்' ஏற்கெனவே புழங்குகிறதே?

அதிலுள்ள 'ஆக்கல்' இடிக்கிறது. செல்லாததைச் செல்ல வைப்பது நம் வேலையல்ல. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழிதான் அப்படிச் செய்கிறது: தேதியை வைத்திருக்கும் அதன் டேட் பொருளுக்கு 2023, 1, 31 என்று கொடுத்தால் (மாத எண் 0-இல் தொடங்குவதால் 1 என்பது பிப்ரவரி) பிழை காட்டாமல் 2023 மார்ச் 3 ஆக்கிவிடும். இதைப் பிடிக்க, உருவான பொருளிலிருந்து நாள், மாதம், ஆண்டை மறுபடி எடுத்து, உள்ளிட்டதோடு ஒப்பிட வேண்டும். ஒன்று மாறினாலும் நிராகரிக்கலாம்.

என் முன்மொழிவு 'செல்லுமைச் சோதனை'. ஆளுமை, இயலுமை போலச் செல்லுமை. 'செல்லாத தேதி' என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

---

வணக்கம். செல்லுமை நன்றாக இருக்கிறது. 'சோதனை'தான் தொல்லை, டெஸ்டிங்குக்கு அது நிலைத்துவிட்டது. வேலிடேஷனுக்கு எழுதும் டெஸ்ட்டை 'செல்லுமைச் சோதனைச் சோதனை' என்றா எழுதுவது? 'செல்லுமை ஆய்வு' என்று வைக்கலாம்.

ஆனால் 'செல்லாத தேதி' என்பதைப் பிழைச்செய்தியாக அப்படியே காட்டக் கூடாது. ஏன் செல்லாது என்பதைச் சொல்ல வேண்டும். வடிவம் தவறா, நாளே இல்லையா, வரம்பு தாண்டியதா? மூன்றுக்கும் தனித்தனிச் செய்தி வேண்டும். உலாவியின் தேதிப் புலத்தில் நாளும் மாதமும் மட்டும் நிரப்பி ஆண்டை விட்டால், நிரலுக்கு வருவது வெற்றுச் சரம் (ஓர் எழுத்தும் இல்லாத உரை). 'தேதி தரவில்லை' என்று காட்டினால், பாதி நிரப்பியவர் குழம்பிப்போவார். புலத்தின் வேலிடிட்டி பண்பிலுள்ள பேட்இன்புட் (இட்டதைத் தேதியாக எடுக்க முடியவில்லை என்று உலாவி தரும் குறி) உண்மையா என்று முதலில் பார்த்து, 'தேதியை முழுமையாகவும் சரியாகவும் நிரப்புங்கள்' என்று சொல்லலாம்.

எந்தச் செல்லுமை ஆய்விலும் சிக்காதது 03/04/2024. மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? இரண்டுமே செல்லும். எழுத்துப் புலமாக இருந்தால் நாள், மாதம், ஆண்டு என மூன்று பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிடுவதுதான் வழி. உலாவியின் தேதிப் புலம் திரையில் எப்படிக் காட்டினாலும், அனுப்புவது 2024-04-03 வடிவம்தான். அதைச் சரமாகவே சேமியுங்கள். டேட் பொருளாக்கினால் யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். அமெரிக்க நேர மண்டலங்களில் ஏப்ரல் 2 என்று தெரியும்.

இந்த ஆய்வு முழுவதையும் வழங்கியிலும் (சர்வரிலும்) செய்தாக வேண்டும். உலாவியில் நடப்பதை யாரும் தாண்டி வரலாம்.

சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்: வேலிடேஷன் – செல்லுமை ஆய்வு, இன்வேலிட் – செல்லாத, வெரிஃபிகேஷன் – சரிபார்ப்பு. மறுப்பிருந்தால் எழுதுங்கள்.