மாயாவிக்குக் கரண்ட் எங்கே கிடைக்கும்?

டிக்கோயா பழைய வாசகன்:

சூப்பர் ஹீரோ ஒருத்தனை முதன்முதலில் எங்கே, எந்தக் கோலத்தில் சந்தித்தீர்கள், பிறகு அவனே வேறு ஆளாக வந்து நின்றபோது என்ன நினைத்தீர்கள், அதை எழுதுங்கள். யார் பெரியவன் என்ற சண்டை வேண்டாம். நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு இரும்புக்கை மாயாவி. 1981 அல்லது 82. மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறி கோத்தகிரிப் பக்கம் போன மாமா, ஊர் பார்க்க வந்த ஒருவரிடம், தமிழ்நாட்டில் வந்த பழைய முத்து காமிக்ஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டிருந்தார். அட்டை இல்லை, முன்பக்கங்கள் எட்டோ பத்தோ இல்லை. லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பன்னிரண்டு காம்பரா (அறை), அத்தனை பொடியன்களுக்கும் அந்த ஒரே புத்தகம்தான். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் தனியாக மிதக்கும். எங்களுக்கு இதில் பெரிய சிக்கல். லயத்தில் கரண்ட் கிடையாது, குப்பி விளக்குதான். மாயாவி எங்கள் தோட்டத்துக்கு வந்தால் எங்கே போய் மறைவான்? கரண்ட் இருந்தது தேயிலை ஃபெக்டரியிலும் துரை பங்களாவிலும்தான், இரண்டு இடத்திலும் வாட்சர் உள்ளே விடமாட்டார். இதை வைத்தே ஒரு மாதம் சண்டை பிடித்தோம்.

எங்களுக்கு அவன் நல்லவன், ரகசிய ஏஜென்ட். பல வருடம் கழித்துத்தான் அவனுடைய முதல் கதையைப் படித்தேன். 1962இல் இங்கிலாந்தில் வேலியண்ட் என்ற வாரப் பத்திரிகையில் வந்தது, கென் பல்மர் எழுதி ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. அதில் மாயாவியின் சொந்தப் பெயர் லூயிஸ் கிராண்டேல், ஒரு ஆய்வுகூட உதவியாள். கை ஏற்கனவே போய்விட்டது. ஆய்வுகூட விபத்தில் கரண்ட் அடித்து மறையும் சக்தி வந்ததும் முதலில் என்ன செய்கிறான் தெரியுமா? களவெடுக்கக் கிளம்புகிறான்! எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. பின்னால் வந்த கதைகளில்தான் நிழல் படை என்ற ரகசிய அமைப்பில் சேர்ந்து, விரலுக்குள் துப்பாக்கி வைத்துக்கொண்டு நல்லவனாகிறான். டாம் டல்லி என்பவர் கதை எழுதின காலத்தில் கொஞ்ச நாள் அமெரிக்க ஹீரோ மாதிரி உடை வேறு மாட்டிவிட்டார்கள். அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

பதுளை டீச்சர்:

அண்ணே, உங்களுக்கு ஒரு மாயாவி, எங்கள் வீட்டில் இரண்டு. அப்பாவிடம் இரும்புக்கை மாயாவி. கொழும்பில் கடை வேலைக்குப் போன அண்ணன் 90களில் ராணி காமிக்ஸ் கொண்டுவருவான், அதிலும் மாயாவி, ஆனால் முகமூடியும் குதிரையும் ஓநாயுமாகக் காட்டில் இருக்கிறவர். இரண்டும் ஒரே ஆள்தான், வயதானதும் காட்டுக்குப் போய்விட்டார் என்று நான் ரொம்ப நாள் நம்பினேன். சிரிக்காதீர்கள், எனக்கு அப்போது எட்டு வயது.

அந்தக் காட்டு மாயாவி பேன்டம். லீ ஃபால்க் 1936இல் உருவாக்கினார். நாட்டின் பெயர் பங்கல்லா, இந்தியாவில் இந்திரஜால் காமிக்ஸ்காரர்கள் அதை டெங்காலி ஆக்கிவிட்டார்கள். நான் ஸ்கூல் அட்லஸில் டெங்காலியைத் தேடியிருக்கிறேன், சுட்டியில் ட வரிசை முழுக்க. ஆரம்பக் கதைகளில் அந்த நாடு ஆசியப் பக்கம் இருந்து, பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போனது என்று பின்னால் தெரிந்தபோது அட்லஸ் மேல் இருந்த கோபம் போய்விட்டது. உடுப்பு விஷயம் இன்னும் வேடிக்கை. ஃபால்க் மனதில் நினைத்தது சாம்பல் நிறமாம், அமெரிக்காவில் அச்சானது ஊதா, சுவீடனில் நீலம், இத்தாலியில் சிவப்பு. எங்கள் வீட்டில் பச்சை. கறுப்பு வெள்ளைப் பக்கங்களில் அண்ணன் பெஸ்டல் கலர் தேய்த்தான், பெட்டியில் தேயாமல் மிஞ்சியிருந்தது பச்சை ஒன்றுதான். அதனால் எனக்கு இன்றைக்கும் ஊதாவில் பார்த்தால் யாரோ வேஷம் போட்ட மாதிரிதான் தெரியும்.

நுவரெலியா குளிர்:

நான் உங்கள் எல்லோருக்கும் சின்னவன். எனக்கு பேட்மேன். 2008இல் வந்த டைரக்டர் நோலனின் பேட்மேன் படத்தை வாடகை டிவிடியில், கம்பளிக்குள் இருந்துகொண்டு பார்த்தேன். இருட்டு, கரகரத்த குரல், சிரிப்பே கிடையாது. அதுதான் பேட்மேன் என்று முடிவு செய்துவிட்டேன். அப்புறம் ஒரு நாள் போனில் 1966 படம் கையில் சிக்கியது. ஹெலிகொப்டர் ஏணியில் தொங்குகிறார், காலில் சுறா கவ்விப் பிடித்திருக்கிறது, மேலே இருந்து ராபின் சுறா விரட்டும் ஸ்ப்ரேயைக் கொண்டுவந்து கொடுக்கிறான். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. பக்கத்தில் இருந்த அப்பா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இவருதான்டா ஆளு, எதுக்கும் ஒரு மருந்து கையில வச்சிருக்காரு" என்றார்.

யார் அசல் என்று தேடப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன். 1939இல் பாப் கேனும் பில் ஃபிங்கரும் தொடங்கியபோது அவர் துப்பாக்கியே வைத்திருந்தார், ஆட்கள் செத்தால் பெரிதாகக் கவலைப்படவும் இல்லை. அடுத்த வருடமே ராபின் வந்தான், கதை இளகியது. 1966இல் முழுக் கோமாளித்தனம். 1986இல் காமிக்ஸ்காரர் ஃபிராங்க் மில்லர் அவரை 55 வயதுக் கிழவராக்கித் திரும்ப வீதியில் இறக்கினார். ஆக நான் சின்ன வயதில் பார்த்த இருட்டு, அசலும் இல்லை நகலும் இல்லை, மில்லருக்குப் பிறகு வந்த காற்று. பேட்மேனின் எதிரி ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி குவின் காமிக்ஸில் பிறந்தவளே இல்லை. 1992 கார்ட்டூனில் வந்து, மருமகள் மாதிரி காமிக்ஸ் வீட்டுக்குள் நுழைந்து, இப்போது சாவிக்கொத்து அவள் கையில்.

அப்பா சொன்ன பேட்மேனை இப்போதெல்லாம் எனக்கும் பிடிக்கிறது. வெளியில் சொல்வதில்லை.

தலவாக்கலை ரேடியோ:

நான் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்கிறவன். ஸ்பைடர்மேன் பற்றி மட்டும் சொல்கிறேன். 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் செய்த பையன், மணிக்கட்டில் கட்டும் வலை வீசும் கருவியைத் தானே செய்கிறான். பணம் இல்லாத வீட்டுப் பிள்ளை, மூளை இருக்கிறது, கை வேலை தெரியும். வலைப்பசை நடுச் சண்டையில் தீர்ந்துபோகும், பற்றரி தீர்ந்த டோர்ச் மாதிரி நிற்பான். அந்த இடம் எனக்கு உயிர். 2002 படத்தில் வலை உடம்பிலிருந்தே வருகிறது. நல்ல படம்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் என் தொழிலைப் பறித்துவிட்டார்கள். 2012இல் கருவி திரும்ப வந்தது, சந்தோஷம். அப்புறம் அயர்ன்மேன் வந்து கம்ப்யூட்டர் வைத்த சட்டை கொடுக்கிறார். பெரிய வீட்டு மாமா எடுத்துக் கொடுத்த தீபாவளி உடுப்பைப் போட்டுக்கொண்டு திரிகிறவன் எனக்கு ஸ்பைடர்மேன் இல்லை. யாரும் கோபிக்க வேண்டாம்.

பதுளை டீச்சர்:

தம்பி ரேடியோ, கோபம் இல்லை, அந்தச் சட்டையையும் அவர் ஒரு கட்டத்தில் பிடுங்கிக்கொள்கிறாரே. டிக்கோயா அண்ணே, கிழிந்துபோன அந்த முன்பக்கங்களுக்கு என்ன செய்தீர்கள்?

டிக்கோயா பழைய வாசகன்:

நல்ல கேள்வி. நானே சொந்தமாகக் கதை கட்டினேன். மாயாவியின் கை எப்படிப் போனது என்று எங்கள் புத்தகத்தில் இல்லை, அதனால் ஃபெக்டரி ரோலரில் கொழுந்து அரைக்கும்போது போய்விட்டது என்று பொடியன்களிடம் சொன்னேன். எங்கள் லயத்திலேயே அப்படி விரல் மூன்று போன ஒரு பெரியப்பா இருந்தார். பிறகென்ன, அவர் வேலை விட்டு வரும்போது எல்லாரும் "மாயாவி, மாயாவி" என்று பின்னாலேயே ஓடுவோம். ஒரு நாள் என்னைப் பிடித்து நிறுத்தினார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். "அது என்னடா கதை, வாசி பார்ப்போம்" என்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது. இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்து, என் கட்டுக்கதையையும் முன்னால் சேர்த்து, முழுவதும் வாசித்துக் காட்டினேன். மறைவது, பறக்கும் இரும்புக்கை, எதற்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"கை போனதுக்கு அவனுக்கு எவ்வளவு குடுத்தாங்களாம்?"

புத்தகத்தில் அது இல்லை. ஐயாயிரம் ரூபாய் என்றேன். அவர் ரொம்ப நேரம் கணக்குப் பார்த்தார்.